காற்றோட்டத் துளைகள்

2024 ஓகஸ்ட் 17ஆம் திகதி, சனிக்கிழமை, கந்தப்பளைக்கு அப்பால் ஊசிமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் உள்ளரங்கத் துப்பாக்கிச் சூட்டு நிலையம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. விழாவுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் வழங்கப்பட்டது. தேநீர் நுவரெலியாவிலுள்ள ஹோட்டல் ஒன்றிலிருந்து சுடுநீர்ப் போத்தல்களில் கொண்டுவரப்பட்டது.

நிலையத்தை நடத்துவது மலைநாட்டுப் பாரம்பரிய விளையாட்டு அதிகாரசபை. மழைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஹோட்டல் அறைகளில் முடங்கிக் கிடப்பதைக் கண்டு கவலைப்பட்ட சிலர் சேர்ந்து உருவாக்கிய சபை அது. கூரையின் கீழ் அவர்களுக்கு ஏதாவது செய்யக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கூரை ஊசிமலையில் கிடைத்தது.

கட்டடத்தோடு, வேலை நேரத்துக்கு ஊதும் பழைய சங்கும் கிடைத்தது. தொழிற்சாலை மூடப்பட்ட நாளில் ஊமையான சங்கு. அதன் பிறகு கொழுந்து நிறுவைக்கு ஆட்களை அழைக்கக் கண்டாக்கு, அதாவது தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அதிகாரசபை, பாரம்பரியம் கருதி, கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்துச் சங்கைத் திருத்தியது. சூடு தொடங்குவதற்கு முன் அதை ஊத வேண்டும் என்று விதி செய்தது. சங்கு மறுபடி ஊதுவதைக் கேட்ட தோட்ட நிர்வாகம் தண்டவாளத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, இனி சங்கு ஊதினால் நிறுவைக்கு வரவும் என்று தொழிலாளருக்கு அறிவித்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம், தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி இருந்தது.

2025 சித்திரை விடுமுறையில் யோகேஸ்வரன் அங்கு போனார். நல்லதண்ணிப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், இப்போது கொட்டாஞ்சேனை டயர் கடை ஒன்றில் வேலை பார்க்கிறவர். கடை முதலாளி ஆண்டுக்கு ஒரு தடவை ஊழியர்களை வேனில் எங்காவது கூட்டிப்போவார். இம்முறை நுவரெலியா. மற்றவர்கள் வாவியில் படகு ஓட்டப் போக, யோகேஸ்வரனும் கடையில் புதிதாகச் சேர்ந்த சுமனும் கந்தப்பளை பஸ்ஸில் ஏறினார்கள். சுமனுக்குத் துவக்கு சுட வேண்டும். யோகேஸ்வரனுக்கு, ஊசிமலையில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா நாகலெட்சுமியைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தோட்டத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று.

பஸ்ஸிலிருந்தே தொலைபேசியில் அக்காவுக்குப் பேசினார். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள்.

"அக்கா, நாங்க ஒங்க தோட்டத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கோம். பழைய ஸ்டோருக்கு."

"ஸ்டோருக்கா? அது மூடி எத்தன வருசமாச்சு. அங்க என்னாடா ஒனக்கு?"

"உள்ள துவக்கு சுடப் பழக்குறாங்களாம்ல."

"துவக்கா? யாரு சொன்னது? ஆணி அடிக்கிறாங்கடா. ரிப்பேரு நடக்குதுன்னு கண்டாக்கய்யா சொன்னாரு. டப்பு டப்புன்னு ஒரே சத்தம்."

"எட்டு மாசமாவா ஆணி அடிக்கிறாங்க?"

"பெரிய கட்டடம்ல" என்றாள் நாகலெட்சுமி. "சரி கேளு. சங்கு ஊதுனா நாங்க மடுவத்துக்கு எறங்கிருவோம். ஸ்டோருக்குப் பின்பக்கந்தான். நெறுவ முடிய அங்கயே நிக்கிறேன், வா. ரொட்டியும் கட்டசம்பலும் கட்டி வச்சிருக்கேன். ஒன் கூட வர்ற பயலுக்கும் சேத்துத்தான்."

நிலையத்தின் வாசலில் மூன்று மொழிகளிலும் பலகை இருந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அது வருக என்றது. தமிழில், சப்பாத்தைத் துடைக்கவும் என்றது. யோகேஸ்வரன் துடைத்தார். வரவேற்பு மேசையில் இருந்த சிவதர்சினி என்ற இளம்பெண் அவர்களுடைய தொலைபேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிட்டு, இரண்டு வெள்ளைத் தொப்பிகளை எடுத்து நீட்டினாள். பழைய வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அணிந்த, கிண்ணம் கவிழ்த்தது போன்ற தொப்பி.

"இது என்னாத்துக்கு மிஸ்?"

"பாரம்பரிய அனுபவம். முதல்தடவை சுட வாறவங்களை இங்க சின்னத்துரை எண்டுதான் கூப்பிடுவம். பத்துக்குப் பத்து எடுத்தா பெரியதுரை. பெரியதுரைக்குப் பிரம்பும் தருவம்."

சுமனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போடுங்கண்ணே, போடுங்க. லயத்துல பொறந்து ஒரே நாள்ல சின்னத்தொர. ஒங்க தோட்டத்துல யாருக்காவது கெடச்சிருக்கா இந்தப் பதவி?"

தொப்பி தலையில் ஏறியதும் யோகேஸ்வரனின் முதுகு சற்று வளைந்தது. அந்தத் தொப்பியைக் கண்டால் வளைந்து பழகிய குடும்பத்து முதுகு அது. தொப்பி இப்போது தன் தலையில்தான் இருக்கிறது என்பது அதற்கு எட்டவில்லை.

அடுத்தது பாதுகாப்பு விளக்கம். கொழுந்து வாடவைக்கும் மேல்தட்டு இருந்த இடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பாதுகாப்பு உத்தியோகத்தர் குணரத்தினம் முன்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பதவிக்கு வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் விசில்.

"முதல்ல ஒண்டு சொல்லுறன். இஞ்ச பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்ற எல்லாம். கண்ணாடி போடாமல் ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது. காதுமூடி கட்டாயம். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தால் நான் விடமாட்டன். போன கிழமை ஒரு வெள்ளைக்காரருக்குத் தொப்பி கொஞ்சம் சரிஞ்சிருந்தது. நிப்பாட்டிப்போட்டன்."

"துவக்கு சுடத் தொப்பி எதுக்கு சேர்?" என்று கேட்டான் சுமன்.

"தலையில ஏதும் விழுந்தால்?"

"என்னா விழும்?"

"கூரைத் தகரம்" என்றார் குணரத்தினம் நிதானமாக. "கூரை பழசு. அதுதான் தொப்பி."

பிறகு தரையில் வரையப்பட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்தது.

"இந்தக் கோடுதான் எங்கட உயிர். இதைத் தாண்டி ஒரு அடி வைச்சாலும் பாரதூரமான குற்றம். திறந்த நாளில இருந்து ஒருத்தரும் தாண்டினதில்லை. அதாலதான் இதுவரைக்கும் ஒரு விபத்தும் இல்லை."

"ரவை தாண்டுமே சேர்?"

"ரவைக்கு அனுமதி இருக்கு."

அப்போது பணிப்பாளர் உள்ளே வந்தார். உயரமானவர், கம்பளிக் கோட்டும் பளபளக்கும் பூட்ஸும் அணிந்திருந்தார். சித்திரை விடுமுறைக்கு வரும் விருந்தினருக்குத் தாமே சில வார்த்தைகள் சொல்வது அவர் வழக்கம். அவர் ஆங்கிலத்தில் பேசினார். குணரத்தினம் தமிழில் சொன்னார். மொழிபெயர்க்கும்போது மட்டும் குணரத்தினம் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கட்டடம் உலகத்துக்குத் தேநீர் கொடுத்தது. அதற்கு ஆட்கள் மிக அதிகமாகத் தேவைப்பட்டார்கள். சூட்டுக்கு அவ்வளவு பேர் தேவையில்லை. இதுவே முன்னேற்றம்."

சுமன் கைதட்டினான். பணிப்பாளர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

"இந்தக் கட்டடத்தின் ஒரு தகரத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. பாரம்பரியச் சின்னம் என்பதால் இங்கு ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ரவையைப் பற்றி விதிகளில் எதுவும் சொல்லப்படவில்லை. விதிகளை நாங்கள் மிகக் கவனமாக வாசித்திருக்கிறோம்."

யோகேஸ்வரன் பள்ளிக்கூடத்தில் செய்வது போலக் கையை உயர்த்தினார்.

"ஆணி அடிக்கிறதே இல்லீங்களா சேர்?"

"ஒண்டும் அடிக்கிறேல்லை" என்றார் குணரத்தினம்.

"ரிப்பேரு எதுவும்?"

"ஒரு ரிப்பேரும் இல்லை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாங்க சேர்."

அவர் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு பணிப்பாளர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

சூட்டுக் கூடம் கீழே இருந்தது. கொழுந்தை அரைக்கும் இயந்திரங்கள் நின்ற நீண்ட கூடம். இயந்திரங்களை இரும்புக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் அவற்றின் கால்கள் நின்ற குழிகள் மட்டும் இருந்தன. இந்த முனையில் விளக்கு. அந்த முனையில் இன்னொரு விளக்கு, இலக்குகளுக்கு மேல். நடுவில் இருட்டு. பழைய தேயிலையின் வாசனை இன்னும் இருந்தது. அதன் மேல் வெடிமருந்தின் வாசனை.

இலக்குகளுக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ரவையைத் தடுப்பதற்கு மணல் மூட்டை வைப்பது வழக்கம். மணல் இந்தக் கட்டடத்தின் பாரம்பரியத்தோடு ஒட்டாது என்பதால் கழிவுத் தேயிலையை நிரப்பியிருந்தார்கள். மூன்று மாத மழையின் ஈரத்தில் மூட்டைகள் அமுங்கி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தன. அதற்கு மேலே வெறும் தகரச் சுவர். சுவரில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

"வானம் மாதிரி இருக்குண்ணே" என்றான் சுமன்.

"கனபேர் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றார் குணரத்தினம். "படம் எடுக்கவும் கேக்கிறவை."

"அது என்னாங்க சேர், அந்த ஓட்டைக?"

"காத்தோட்டம்."

"நீங்க போட்டதுங்களா?"

"நாங்கள் போடேல்லை. சொன்னேனே, ஆணிகூட அடிக்கேலாது. அது தன்பாட்டில வந்தது. திறக்கேக்க ரெண்டு மூண்டுதான். இப்ப நல்ல காத்து வருது."

யோகேஸ்வரன் இலக்கைப் பார்த்தார். வட்டங்கள் இல்லை. வெள்ளை அட்டையில் ஒரு கொழுந்துக் கூடை வரையப்பட்டிருந்தது.

"மனுச உருவத்தைச் சுடுறது எங்கட கலாசாரத்துக்கு ஒவ்வாது எண்டு பணிப்பாளர் சொல்லிப்போட்டார்" என்று குணரத்தினம் விளக்கினார். "சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். பண்டி எண்டால் சில ஆக்களுக்கு மனம் நோகும். கடைசியில கூடைதான் ஒருத்தரையும் புண்படுத்தாது எண்டு முடிவெடுத்தம்."

கூடை, ஒரு பெண்ணின் முதுகு வரும் உயரத்தில் வரையப்பட்டிருந்தது. அதன் கயிறு மேல்நோக்கி இழுபட்டிருந்தது. கயிறு போய் முடியும் இடத்தில் எதுவும் வரையப்படவில்லை.

"சேர், அந்தச் சுவத்துக்குப் பின்னால என்னாங்க இருக்கு?"

குணரத்தினம் அவரை உற்றுப் பார்த்தார். எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இது உள்ளரங்க நிலையம், தம்பி. சுவருக்கு அங்கால வெளி. வெளி எங்கட பொறுப்பில்லை, தோட்டத்தின்ர பொறுப்பு. தோட்டத்திட்டப் போய்க் கேட்டால் சுவர் அதிகாரசபையின்ர எண்டு சொல்லுவினம்."

"ஆளுக யாரும் இருப்பாங்களா?"

"வரைபடத்தில ஒருத்தரும் இல்லை" என்றார் குணரத்தினம். பிறகு விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "காதுமூடியைப் போடுங்கோ. சங்கு ஊதப்போகினம்."

சங்கு ஊதியது.

யோகேஸ்வரன் கொழும்புக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவருடைய இரு கால்களும் ஒன்றுசேர்ந்தன. கைகள் பின்னால் போயின. கண்கள் வரிசையைத் தேடின. விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்து நிற்கும் நிலை. தலையில் துரைத் தொப்பியோடு அவர் அப்படி நின்றதைப் பார்த்துச் சுமன் குனிந்து சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு மலைமேட்டில் இன்னும் யார் யாருடைய கால்கள் அசைந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சங்குக்குப் பிறகு உடனே சுட முடியாது. உறுதிமொழி எடுக்க வேண்டும். பாரம்பரியத்தைக் காப்பேன், கோட்டைத் தாண்டேன், தொப்பியைக் கழற்றேன். பிறகு கண்ணாடிப் பரிசோதனை. பிறகு துவக்கை நிரப்புவது. இந்தச் சடங்குகளுக்குச் செல்லும் நேரமும், மேட்டிலிருந்து கொழுந்துச் சுமையோடு மடுவத்துக்கு இறங்கிவரச் செல்லும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

"சேர், கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார் யோகேஸ்வரன். "என் அக்கா பின்னால வந்துருப்பாங்க."

குணரத்தினம் காதுமூடியோடு புன்னகைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுமனும் காதுமூடியோடு துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டிருந்தான். பணிப்பாளர் பின்னால் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; அவரும் காதுமூடி அணிந்திருந்தார். கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காதபடி செய்யப்பட்டிருந்தது.

யோகேஸ்வரன் எதிர்முனையைப் பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி அணைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. முதலாவது மறுபடி எரிந்தது, நான்காவது அணைந்தது. புள்ளிகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அணைந்து, நடுவில், கூடைகளுக்கு நேர் பின்னால், அணைந்தபடியே நின்றன. ஆட்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

பச்சை விளக்கு எரிந்தது. சுமன் சுட்டான்.

சுவரில் புதிதாக ஒரு புள்ளி தோன்றியது. அதில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை என்பதற்கு அது மட்டுமே அத்தாட்சி.

யோகேஸ்வரன் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். ஓடவில்லை, ஓடினால் சுமன் பயந்து விசையை அழுத்திவிடுவானோ என்று பயந்து, கைகளை விரித்துக்கொண்டு, துவக்கின் முன்னால் நடந்து போனார். இரண்டாவது ரவைக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்த சுமன், குறிக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி வருவதைக் கண்டு துவக்கைக் கீழே போட்டுவிட்டான். குணரத்தினம் விசிலை ஊதினார். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

யோகேஸ்வரன் காதுமூடியைக் கழற்றிவிட்டு, ஈர மூட்டைகள் மேல் ஏறித் தகரத்தை இரு கைகளாலும் அடித்தார்.

"அக்கா! தள்ளுங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!"

வெளியே பேச்சு நின்றது.

"யாருடி அது தகரத்துக்குள்ள கத்துறது?"

"எலியா இருக்கும்."

"எலி அக்காங்குதே!"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஒரு துளை இருண்டது. துளைக்கு மறுபுறம் ஒரு கண் வந்து நின்றது.

"டே யோகு! உள்ள என்னாடா பண்ற? தலையில என்னாடா அது, தொரத் தொப்பி!"

"அது கெடக்கட்டும். மொதல்ல அங்கிருந்து தள்ளுங்கக்கா. இங்க ஆணி அடிக்கல. துவக்கு சுடுறாங்க. ஒங்க பக்கம் பாத்துத்தான் சுடுறாங்க."

கண் அசையாமல் நின்றது.

"அப்ப அம்மாக்கண்ணு கூடைல வந்தது?"

"என்னா வந்துச்சு?"

"போன மாசம் அவ கூடைல ஓட்ட விழுந்து கெடந்துச்சு. கொழுந்தக் கொட்டுனா உள்ளுக்கு ஒரு ஈயக்கட்டி. பாரத்துக்குத் திருட்டுத்தனமாப் போட்டுட்டேன்னு சொல்லி கண்டாக்கய்யா ரெண்டு கிலோ கழிச்சிட்டாரு. அவ சத்தியம் பண்ணி அழுதா. நாங்ககூட நம்பல."

பின்னாலிருந்து ஒரு குரல், வயதான குரல், "நாந்தான் சொன்னேன்ல" என்றது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. துளைகள் ஒவ்வொன்றாக மறுபடி எரியத் தொடங்கின. எல்லாம் எரிந்த பிறகே யோகேஸ்வரன் மூட்டைகளிலிருந்து இறங்கினார்.

விசாரணை உடனே கூடியது. தேயிலையைச் சுவைத்துப் பார்க்கும் பழைய அறையில் பணிப்பாளர் நடுவில் அமர்ந்தார். தோட்டத்தின் சார்பில் கண்டாக்கு நல்லமுத்து அழைக்கப்பட்டு, வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். யோகேஸ்வரனைத் தொப்பியோடேயே உட்காரவைத்தார்கள். விசாரணை முடியும் வரை அதைக் கழற்றக்கூடாது என்று விதி இருந்தது.

"இந்த நிலையத்தின் வரலாற்றில் முதன்முறையாக இன்று பாதுகாப்பு மீறப்பட்டிருக்கிறது" என்று பணிப்பாளர் தொடங்க, குணரத்தினம் தமிழில் சொன்னார். "எட்டு மாதங்களாக நாம் கட்டிக் காத்த பெயர், ஒரு மனிதர் ஒரு கோட்டைத் தாண்டியதால் போயிற்று. அவர் முன்னால் வந்தபோது ரவை பட்டிருந்தால், அது நிலையத்துக்கு உள்ளே நடந்த விபத்தாகிவிட்டிருக்கும். அதை நாங்கள் கணக்கில் எடுக்க வேண்டி வந்திருக்கும்."

"வெளிய பட்டா சேர்?" என்றார் யோகேஸ்வரன்.

அது ஆங்கிலமாக்கப்பட்டது. பணிப்பாளர் ஏதோ நீளமாகச் சொல்லிச் சிரித்தார். குணரத்தினம் அதை மொழிபெயர்க்கவில்லை. "உது பகிடி" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நல்லமுத்துவிடம் ஈயக்கட்டியைப் பற்றிக் கேட்கப்பட்டது.

"உண்மைதாங்க சேர். கொழுந்துல கல்லு, குச்சி, ஈயம், எது கெடந்தாலும் கழிக்கணும்னு சட்டம். எப்பிடி வந்துச்சுன்னு விசாரிக்கச் சொல்லிச் சட்டம் இல்லீங்க. அதனால கழிச்சதோட விட்டுட்டேன்."

"துவக்கு சுடுறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் யோகேஸ்வரன்.

"தெரியும். ஆணின்னு சொல்லச் சொன்னாங்க. துவக்குன்னா ஆளுக பயப்புடும், நெறுவைக்கு வராது. கொழுந்து வாடிப்போகும்ல."

"அப்ப சங்க ஊதாதீங்க சேர்" என்று யோகேஸ்வரன் பணிப்பாளர் பக்கம் திரும்பினார். "இல்லாட்டி சுவத்துல மண்மூட்ட அடுக்குங்க. ஒரு நாள் வேல. நானும் இந்தப் பயலுமே அடுக்கித் தந்துட்டுப் போறோம்."

சங்கு பாரம்பரியம், அதை நிறுத்த முடியாது. மண்மூட்டை பாரம்பரியம் அல்ல. அதை வைக்க முடியாது. சுவர் பதிவு செய்யப்பட்ட சின்னம். அதைத் தொட முடியாது. ஒவ்வொன்றையும் பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். பிறகு எழுந்து வந்து, எதிர்பாராத விதமாக, யோகேஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆனால் நீங்கள் எங்களுக்கு உதவி செய்திருக்கிறீர்கள். சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாத வரை நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பாதுகாப்பு விடயத்தில் இந்த நிலையம் சமரசம் செய்யாது. நடவடிக்கை எடுக்கப்படும்."

யோகேஸ்வரன் பெருமூச்சு விட்டார். "ரொம்ப நன்றிங்க சேர்" என்றார். சிவதர்சினி வந்து அவரைப் பணிப்பாளருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். தொப்பி சற்றுச் சரிந்திருந்தது. குணரத்தினம் வந்து அதை நேராக்கிவிட்டார். அப்போது தாழ்ந்த குரலில், "அக்காவின்ர லயம் எந்தப் பக்கம், தம்பி?" என்று கேட்டார்.

"மடுவத்துக்கு மேலாலங்க சேர். மொத லயம்."

குணரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பணிப்பாளர் கூப்பிட்டார். போய்விட்டார்.

மடுவத்தில் நிறுவை முடிந்திருந்தது. பெண்கள் சுவரிலிருந்து தள்ளி, பாதையின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சுமனிடம் முதலில் கொடுத்தாள்.

"நீதானாடா சுட்டது?"

"மன்னிச்சுக்குங்க அக்கா. கூடையத்தான் குறி பாத்தேன்."

"கூடையவா? அத முதுகுல போட்டிருக்கிறது யாருன்னு நெனச்ச?" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "சாப்புடு. கட்டசம்பல் ஒறைக்கும்."

அம்மாக்கண்ணு, அறுபதை நெருங்கும் மெலிந்த பெண், தன் கூடையைத் திருப்பிக் காட்டினாள். துளையைச் சணல் நூலால் தைத்திருந்தாள். "தம்பி, அந்த ரெண்டு கிலோவ ஏத்தித் தரச் சொல்லி அங்க சொன்னீங்களா?"

"நடவடிக்க எடுக்குறாங்களாம் ஆயா."

"அப்பச் சரி" என்றாள் அம்மாக்கண்ணு.

நடவடிக்கை மே மாத இறுதியில் எடுக்கப்பட்டது. பின்சுவருக்கு அப்பால் உள்ள நிலம் சூட்டுத் திசை என்று வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. சூட்டுத் திசையில் அனுமதியின்றி நிற்பது, கூடுவது, குடியிருப்பது மூன்றும் தடை செய்யப்பட்டன. மடுவம் மேற்பிரிவுக்கு மாற்றப்பட்டது. சங்கு ஊதியதும் பழக்கத்தில் பழைய இடத்துக்கு இறங்கிவந்த சிலருக்கு முதலில் எச்சரிக்கையும் பிறகு அரைநாள் சம்பளத்தைப் பிடிக்கும் பேர் வெட்டும் கிடைத்தன. முதல் லயத்துப் பதினொரு குடும்பங்களும் மேற்பிரிவின் பழைய பிள்ளை மடுவத்தில் குடியேற்றப்பட்டன. முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன ஒரே அறை அது. சாக்குகளைக் கட்டித் தடுத்துக்கொண்டார்கள். அம்மாக்கண்ணுவின் இரண்டு கிலோ ஏற்றித் தரப்படவில்லை. குணரத்தினம் ஜூன் மாதத்தில் விலகி ஊருக்குப் போனார். காரணம் உடல்நலம் என்று சொல்லப்பட்டது.

நாகலெட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பேசினாள்.

"சாமானெல்லாம் ஏத்தியாச்சுடா. அம்மிக்கல்லு மட்டும் கீழ கெடக்கு, அதத் தூக்க முடியல."

"நான் வந்து தூக்கித் தரவாக்கா?"

"வேணாம், வேணாம்" என்றாள் நாகலெட்சுமி. "ஒன்னய யாரும் ஏசலடா. இங்க யாரும் ஒண்ணும் சொல்லல."

யோகேஸ்வரனின் படம் நிலையத்தின் வாசலில், பாதுகாப்புக்குப் பங்களித்த விருந்தினர் என்ற தலைப்பின் கீழ் மாட்டப்பட்டிருக்கிறது. ஆணி அடிக்க முடியாததால் கம்பியில் தொங்குகிறது.

பழைய பிள்ளை மடுவம் தொழிற்சாலையின் பின்சுவருக்கு அதே திசையில்தான் இருக்கிறது. தூரம் மட்டும் கூடுதல். அடுத்த ஆண்டு இன்னும் தூரம் சுடும் நீளத் துவக்குகள் வரவிருப்பதாக அதிகாரசபை அறிவித்துள்ளது. நிலையம் செவ்வாய்க்கிழமை தவிர்ந்த எல்லா நாட்களிலும் இயங்குகிறது. இலக்குகளுக்கு மேலிருந்த விளக்கு இப்போது போடப்படுவதில்லை. சுவரிலிருந்து வரும் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது.